மூணு நாள் மெடிக்கல் எஜுகேஷன் வொர்க்‌ஷாப்: போய்ட்டு வந்தவனோட ரிவ்யூ

இந்த ரிவ்யூ எழுதணும்னு ஒரு வருஷமா நினைச்சுட்டே இருக்கேன், ஒவ்வொரு தடவையும் அட்மிஷன் டே (எங்க யூனிட் புது கேஸ் எடுக்கிற நாள்) வந்து தள்ளிப்போயிடுது. நான் தென் மாவட்டத்துல ஒரு அரசு மெடிக்கல் காலேஜ்ல ஜெனரல் மெடிசின் ஏ.பி. (அசிஸ்டன்ட் புரொஃபசர்), வேலைக்குச் சேர்ந்து 6 வருஷம் ஆகுது. என்.எம்.சி. (தேசிய மருத்துவ ஆணையம்) கட்டாயம்னு சொல்ற மூணு நாள் பேசிக் கோர்ஸ் இருக்குல்ல, மெடிக்கல் எஜுகேஷன் வொர்க்‌ஷாப், அதுக்குப் போய்ட்டு வந்தேன். போறதுக்கு முன்னாடி சீனியர்ங்க கிட்ட கேட்டேன், பாதிப் பேரு "ப்ரொமோஷனுக்கு சர்ட்டிஃபிகேட் வேணும்ல, போய் வாங்கிட்டு வா"ன்னாங்க, மீதிப் பேரு "மூணு நாள் வார்டு தொல்லை இல்லாம உக்காந்துட்டு வா"ன்னாங்க. உள்ள என்ன நடக்குது, வந்தப்புறம் நம்ம வார்டுல ஏதாச்சும் மாறுமான்னு ஒருத்தரும் சொல்லல. அதான் எழுதுறேன். எந்த சென்டர்னு பேரு போடல, ஏன்னா குறையும் எழுதப்போறேன், அதே சென்டர்ல ராத்திரி வரைக்கும் உக்காந்து எங்களுக்காக உழைச்ச பேராசிரியர்களும் இருந்தாங்க.

முடிவை முதல்லயே சொல்லிடுறேன். போங்க, கண்டிப்பா போங்க. ஆனா மூணு நாள்ல நம்மள நிஜமா மாத்துறது மொத்தமா ஒரு மூணு மணி நேரம்தான், அது எந்த மூணு மணி நேரம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போனா நல்லது. அப்புறம் தனியாப் போகாதீங்க, உங்க டிபார்ட்மென்ட்ல இருந்து இன்னொருத்தரையும் கூட்டிட்டுப் போங்க, காரணத்தைக் கீழ சொல்றேன்.

எதுக்கு இந்த கோர்ஸ் எனக்குத் தேவைப்பட்டுச்சுன்னு சொன்னாத்தான் மீதி புரியும். நாம எம்.பி.பி.எஸ். படிச்சோம், எம்.டி. படிச்சோம், டாக்டர் ஆகுறதுக்கு எட்டு ஒன்பது வருஷம் ட்ரெய்னிங், ஆனா எம்.டி. முடிச்சு ஏ.பி. ஆர்டர் கையில வாங்குன மறுநாளே ஒரு யூனிட்ல 3 பி.ஜி. (மேல்படிப்பு படிக்கிற டாக்டருங்க), 5 ஹவுஸ் சர்ஜன் (எம்.பி.பி.எஸ். கடைசியில ட்ரெய்னிங்ல இருக்கிறவங்க), ஃபைனல் இயர் போஸ்டிங்ல ஒரு கூட்டம்னு அத்தனை பேரும் நம்ம பின்னாடி நிக்கிறாங்க, அவங்களை எப்படி வளர்க்கணும்னு ஒரு மணி நேரம் கூட யாரும் நமக்குச் சொல்லிக்கொடுத்ததில்ல. நாம என்ன பண்ணுவோம், நம்ம சீஃப் (யூனிட் தலைவர்) நம்மகிட்ட எப்படி இருந்தாரோ அப்படியே இருப்போம். நான் பி.ஜி. படிச்ச இடத்துல ஒரு சீஃப் இருந்தாரு, அபார டயக்னோசிஸ், இதயத்துல மர்மர் சத்தம் கேட்டார்னா எக்கோ ஸ்கேன் தேவையில்லை, ஆனா கேஸ் ஷீட்ல ஒரு லேப் வேல்யூ விட்டுப்போனா பேஷன்ட் முன்னாடியே ஷீட்டைத் தூக்கி எறிவாரு, அது போய் கட்டிலுக்கு அடியில விழும், குனிஞ்சு எடுக்கணும், பேஷன்டோட சம்சாரம் நம்மளப் பரிதாபமாப் பாப்பாங்க. அந்த மூணு வருஷத்துல நான் படிச்சது நிறைய, ஆனா "தெரியல சார்"ன்னு சொல்லக் கூடாதுங்கறதையும் சேர்த்துதான் படிச்சேன். தெரியாததை மறைக்கிறது மெடிசின்ல எவ்வளவு ஆபத்துன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஏ.பி. ஆகி ரெண்டாவது வருஷம் நானே ஒரு ஹவுஸ் சர்ஜனை வார்டு நடுவுல நிக்க வச்சு கத்துனேன், பொட்டாசியம் ரிப்போர்ட் வாங்காம விட்டுட்டான்னு. பேசுற பேச்சுல என் சீஃப் குரல் எனக்கே கேட்டுச்சு. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. வொர்க்‌ஷாப்புக்குப் பேரு குடுத்தது அதுக்கப்புறம்தான், ப்ரொமோஷன் அப்ப என் கணக்குலயே இல்ல.

சரி, கோர்ஸுக்கு வருவோம். எங்க பேட்ச்ல 30 பேர், அனாட்டமில இருந்து அனஸ்தீசியா வரைக்கும் எல்லா டிபார்ட்மென்ட்டும் கலந்து, அஞ்சு குரூப்பாப் பிரிச்சு வட்ட மேஜையில உக்கார வச்சாங்க. இந்த கோர்ஸை மேற்பார்வை பாக்குற நோடல் சென்டர்ல இருந்து ஒரு அப்சர்வர் வந்து மூணு நாளும் பின்னாடி உக்காந்திருந்தாரு. முதல் நாள் காலைல ப்ரீ டெஸ்ட், அப்புறம் குரூப் டைனமிக்ஸ்னு ஒரு செஷன், விளையாட்டு மாதிரி இருக்கும், ஃபாரன்சிக் மேடம் ஒருத்தங்க "என்னைய்யா சின்னப் புள்ளைங்க மாதிரி"ன்னு முணுமுணுத்துட்டே ஆரம்பிச்சு கடைசில அவங்கதான் குரூப் லீடர். அந்த செஷனை லேசா எடுத்துக்காதீங்க, ஒரே காலேஜ்ல பத்து வருஷம் வேலை பார்த்தும் பேசிக்காத ரெண்டு பேரு அன்னைக்குத்தான் பேசிக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் சரிவு. 2019-ல புது கரிக்குலம் வந்துச்சுல்ல, காம்பிடன்சி பேஸ்ட், அதாவது ஸ்டூடன்ட் செஞ்சு காட்ட வேண்டிய திறமைகளை வச்சு அமைச்சது, அதுல காம்பிடன்சியை எடுத்து சின்னச் சின்ன லேர்னிங் அப்ஜெக்டிவா எழுதணும், எந்த வினைச்சொல் போடணும், "புரிந்துகொள்ளுதல்"னு எழுதக்கூடாது "பட்டியலிடுதல்"னு எழுதணும், இதுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல. விஷயம் தேவைதான், பரீட்சை கேள்வி எடுக்கும்போது உதவுது, நான் மறுக்கல. ஆனா சொன்ன விதம் சரியில்ல. "லெக்சர் மட்டும் எடுக்காதீங்க, ஸ்டூடன்ட்டை ஈடுபடுத்துங்க"ன்னு 70 ஸ்லைடை வரி விடாம வாசிச்சாரு ஒருத்தர், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வேற. ஹால்ல மைக் ரெண்டு தடவை நின்னுச்சு. கையில குடுத்த ஹேண்ட்அவுட் தடியா ஒரு செங்கல் கனம், இன்னைக்கு வரைக்கும் நான் அதுல இருந்து எடுத்துப் படிச்சது 4 பக்கம். சென்டர்காரங்க இதை மட்டும் மாத்தினாலே கோர்ஸ் ஒன்றரை மடங்கு நல்லாயிடும்.

ரெண்டாவது நாள் மைக்ரோ டீச்சிங். ஆளுக்கு சில நிமிஷம், ஒரு சின்ன டாபிக் எடுத்து மத்தவங்க முன்னாடி பாடம் நடத்தணும், அவங்கதான் ஸ்டூடன்ட்ஸ், முடிஞ்சதும் ஃபீட்பேக். நான் ஹைப்போநெட்ரீமியா (ரத்தத்துல சோடியம் குறையுறது) எடுத்தேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச டாபிக், வால்யூம் ஸ்டேட்டஸ், யூரின் சோடியம், எல்லாத்தையும் அழகா ஒரு ஃப்ளோ சார்ட் போட்டு மூச்சு விடாம முடிச்சேன். கைதட்டுனாங்க. எங்க ஃபெசிலிடேட்டர் ஒரு ஃபிசியாலஜி மேடம், ரிட்டயர் ஆகப் போறவங்க, ரொம்ப மெதுவாப் பேசுவாங்க. "நல்லா இருந்துச்சு டாக்டர், ஃப்ளோ சார்ட் ரொம்பத் தெளிவு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், இந்த நேரத்துல ஸ்டூடன்ட்ஸ் எத்தனை தடவை வாயைத் திறந்தாங்க?" நான் யோசிச்சேன். ஒரு தடவை கூட இல்ல. "அப்ப அவங்களுக்குப் புரிஞ்சுச்சான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"ன்னாங்க. அதுல திட்டு இல்ல, நக்கல் இல்ல, நிஜமாவே என் பதிலைத் தெரிஞ்சுக்கணும்னு கேட்ட மாதிரி இருந்துச்சு, நான் பதில் சொல்ல ஒரு முழு நிமிஷம் காத்திருந்தாங்க. மறுபடி அதே டாபிக்கை எடுக்கச் சொன்னாங்க. இந்தத் தடவை ஒரு பேஷன்டை மட்டும் சொல்லி, "மயக்கமா வந்திருக்காரு, சோடியம் 112, நீங்க முதல்ல என்ன பாப்பீங்க?"ன்னு கேட்டுட்டு நிறுத்திட்டேன். ஆர்த்தோ சார் ஒருத்தர் பதில் சொல்ல முயற்சி பண்ணி, தப்பாச் சொல்லி, கண் டாக்டர் அதைத் திருத்தி, நான் பேசினது மூணே வாக்கியம். அந்த மேடம் எனக்குக் குடுத்த ஃபீட்பேக்தான் எனக்குப் பாடம், ஏன்னா ஒரு ஆளை அவமானப்படுத்தாம எப்படித் திருத்துறதுன்னு என்மேலயே செஞ்சு காட்டிட்டாங்க.

மூணாவது நாள் காலைல ஃபீட்பேக் செஷன். இதுக்காகவே போகலாம். ஃபீட்பேக்ங்கற வார்த்தையே மெடிசின்ல பிறந்தது இல்லையாம், 1940-கள்ல ராக்கெட் இன்ஜினியர்ங்க பயன்படுத்துனது, போற பாதையைப் பாத்து அதுக்குத் தகுந்த மாதிரி திருத்துறது. 1983-ல ஜாக் எண்டேன்னு ஒரு அமெரிக்க மருத்துவர் ஜாமா பத்திரிகையில இதைப் பத்தி எழுதின கட்டுரையை இன்னைக்கும் மெடிக்கல் எஜுகேஷன் ஆளுங்க எல்லாரும் எடுத்துச் சொல்றாங்க. அதுல முக்கியமான விஷயம், மார்க் போடுறது வேற, ஃபீட்பேக் வேற. மார்க் நடந்து முடிஞ்சதுக்குத் தீர்ப்பு, ஃபீட்பேக் இனிமே நடக்கப்போறதுக்குத் தகவல். நம்ம ஊர்ல ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, இன்டர்னல்ஸ் மார்க் கையில வச்சிருக்கிற அதே ஆளுதான் வார்டுலயும் கேள்வி கேக்குறாரு, அப்புறம் எப்படி பி.ஜி. வாயைத் திறந்து "சார் எனக்கு லம்பார் பங்க்ச்சர் (முதுகுத்தண்டுல ஊசி வச்சு நீர் எடுக்கிறது) பண்ணப் பயமா இருக்கு"ன்னு சொல்லுவான்.

அதே செஷன்லதான் ஒன் மினிட் ப்ரிசெப்டர் சொல்லிக்கொடுத்தாங்க. 1992-ல அமெரிக்கால ஃபேமிலி மெடிசின்காரங்க, நெஹர்னு ஒரு டாக்டரும் கூட இருந்தவங்களும், பிஸியான ஓ.பி.ல நின்னுட்டே எப்படிக் கத்துக்கொடுக்கிறதுன்னு யோசிச்சு வச்ச அஞ்சு படி. ஜூனியர் கேஸ் சொல்லி முடிச்சதும் நாம டயக்னோசிஸ் சொல்லக்கூடாது, முதல்ல "நீ என்ன நினைக்கிற"ன்னு அவனை ஒரு முடிவுக்கு வர வைக்கணும். ரெண்டாவது "எதை வச்சு அப்படிச் சொல்ற". மூணாவது ஒரே ஒரு பொது விதி, அடுத்த பத்து பேஷன்டுக்கும் உதவுற மாதிரி. நாலாவது அவன் சரியாப் பண்ணினது எதுன்னு பேரு சொல்லிப் பாராட்டணும், "குட்"னு பொதுவாச் சொன்னா கணக்கில்ல. அஞ்சாவது தப்பைத் திருத்தணும். கேக்கும்போது இதுல என்ன பெரிய விஷயம்னுதான் எனக்கும் தோணுச்சு. ரோல் ப்ளே பண்ணும்போதுதான் தெரிஞ்சுச்சு, முதல் படியிலயே மாட்டிக்கிறோம், நம்மளால டயக்னோசிஸை வாய்க்குள்ள வச்சுக்க முடியல, கேஸ் பாதி கேக்கும்போதே சொல்லிடுறோம். நான் மூணு தடவை தோத்தேன்.

வார்டுக்கு வந்து இது வேலை செஞ்சுச்சான்னு சொல்லணும்ல. திரும்பி வந்து ரெண்டு வாரம் இருக்கும், மழை முடிஞ்சு காய்ச்சல் கேஸ் கொட்டுற நேரம். ஒரு ஹவுஸ் சர்ஜன் பொண்ணு, ரொம்ப அமைதி, ரவுண்ட்ஸ்ல எப்பவும் பின்வரிசை. 45 வயசு ஆம்பள, விவசாயக் கூலி, 8 நாள் காய்ச்சல், தலைவலி, பிளேட்லெட் 62,000, லிவர் என்சைம் கொஞ்சம் ஏறியிருக்கு. பழைய நானா இருந்தா அந்த இடத்துலயே "லேம்ப் போஸ்ட் மாதிரி நிக்காத, எல்லாம் பாத்தியா"ன்னு ஆரம்பிச்சிருப்பேன். நாக்கைக் கடிச்சுக்கிட்டு, "நீ என்னம்மா நினைக்கிற?"ன்னேன். "டெங்கு சார்". "எதை வச்சு?" "பிளேட்லெட் கம்மி சார், காய்ச்சல், தலைவலி." "சரி, டெங்குவுக்கு எதிரா இவர்கிட்ட ஏதாச்சும் இருக்கா?" கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. பின்னாடி பி.ஜி. ஒருத்தன் பதில் சொல்ல வாயெடுத்தான், கையக் காட்டி நிறுத்தினேன். அப்புறம் மெதுவா, "எட்டு நாள் ஆகியும் காய்ச்சல் விடல சார், டெங்குன்னா இந்நேரம் இறங்கியிருக்கணும்"ன்னா. அது போதும் எனக்கு. ஒரே ஒரு விதி சொன்னேன்: நம்ம பக்கத்துல அஞ்சு நாளுக்கு மேல காய்ச்சலோட ஒருத்தர் வந்தா சட்டையைக் கழட்டி அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னாடி, இடுப்புல வேட்டி கட்டுற இடம், எல்லாத்தையும் வெளிச்சத்துல தேடாம கேஸ் ஷீட்ல டயக்னோசிஸ் எழுதக்கூடாது. அவ ஒரு அட்டெண்டரைக் கூட்டிக்கிட்டு ஸ்கிரீனை இழுத்துட்டு உள்ள போனா. நாங்க அடுத்த கட்டிலுக்குப் போயிட்டோம். ரெண்டு நிமிஷத்துல "சார்!"னு ஒரு சத்தம், அந்தப் பொண்ணுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்குன்னே அதுவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. வலது தொடை இடுக்குல, சிகரெட்டால சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு, சுத்தி லேசா சிவப்பு, பேஷன்டுக்கு வலியே இல்ல, அவரும் கவனிக்கல. எஸ்கார், பூச்சி கடிச்ச இடத்துல வர்ற பொருக்கு. ஸ்க்ரப் டைஃபஸ், சின்னப் பூச்சி கடிச்சுப் பரவுற காய்ச்சல். டாக்சிசைக்ளின் ஆரம்பிச்சோம், ரெண்டு நாள்ல காய்ச்சல் நின்னுடுச்சு.

நான் பாத்து நானே கண்டுபிடிச்சிருந்தாலும் பேஷன்டுக்கு அதே மாத்திரைதான், அதே ரிசல்ட்தான். ஆனா அந்தப் பொண்ணுக்கு? அடுத்த வாரத்துல இருந்து முன்வரிசையில நின்னா. வேற யூனிட் ஹவுஸ் சர்ஜன் ரெண்டு பேரு "எஸ்கார் எங்கெல்லாம் தேடணும்"னு அவகிட்ட வந்து கேட்டதை நானே பாத்தேன். ஒரு சீஃப் செய்ய வேண்டிய வேலை இதுதான்னு எனக்கு அன்னைக்குப் புரிஞ்சுச்சு, கண்டுபிடிக்கிற அந்த நிமிஷத்தை நாம எடுத்துக்காம ஜூனியர் கையில விட்டுடுறது. இதுக்குத் தங்கமான மனசெல்லாம் தேவையில்ல, பழகினா யாருக்கும் வரும்.

ஒரு எச்சரிக்கை. இது எல்லா இடத்துக்கும் ஆகாது. ஷாக்ல, அதாவது பி.பி. விழுந்து, ஒருத்தர் வந்து கிடக்கும்போது "நீ என்னப்பா நினைக்கிற"ன்னு நின்னீங்கன்னா பேஷன்ட் போயிடுவாரு. கேஷுவாலிட்டில நாமதான் கட்டளை போடணும், முடிஞ்சப்புறம் டியூட்டி ரூம்ல ஒரு டீயைக் குடிச்சுக்கிட்டே "அந்தப் பத்து நிமிஷத்துல என்ன நடந்துச்சு"ன்னு உக்காந்து பேசிக்கலாம். வொர்க்‌ஷாப்ல இதை யாரும் தெளிவாச் சொல்லல, நானா தட்டித் தடுமாறிக் கத்துக்கிட்டேன்.

இப்ப பெரிய குறை. மூணு நாள் முழுக்க பாடம் எப்படி எடுக்கிறது, பரீட்சை எப்படி வைக்கிறதுன்னு பேசினாங்களே தவிர, ஆளை எப்படி வளர்க்கிறதுன்னு ஒரு செஷன் கூட இல்ல. அனாட்டமி மேடம் ஒருத்தங்க டீ டைம்ல கேட்டாங்க, "நான் ஹெச்.ஓ.டி. (டிபார்ட்மென்ட் தலைவர்) ஆகி ஆறு மாசம் ஆச்சு, ரெண்டு ஏ.பி. பேசிக்கிறதே இல்ல, ஒருத்தர் பி.எச்.டி. பண்ணணும்னு நிக்கிறாரு, டைம் டேபிள்ல ஆள் இல்ல, இதை எங்க போய்ப் படிக்கிறது?" யாருகிட்டயும் பதில் இல்ல. ஒரு டிபார்ட்மென்ட்டோட தலையெழுத்தே அந்த ஒரு நாற்காலியில இருக்கு, அந்த நாற்காலியில உக்கார்றதுக்கு சீனியாரிட்டி லிஸ்ட் மட்டும்தான் நம்ம கிட்ட இருக்கு.

நம்ம மண்ணுல இதுக்கு முன்மாதிரி இல்லாம இல்ல. முதுகுத்தண்டுல அடிபட்டு கால் ரெண்டும் செயலிழந்த ஒரு பையனை நான் பி.ஜி.யா இருக்கும்போது வேலூர் பாகாயத்துல இருக்கிற சி.எம்.சி. ரீஹேப் (மறுவாழ்வு சிகிச்சை) சென்டருக்கு அனுப்பினோம், கூடவே நானும் போனேன், அங்க போய்த்தான் மேரி வர்கீஸ் கதையை முழுசாத் தெரிஞ்சுக்கிட்டேன். கொச்சிப் பக்கத்துல பிறந்தவங்க, வேலூர்ல படிச்ச டாக்டர், 1954 ஜனவரியில ஒரு வேன் விபத்து, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி போயிடுச்சு. அந்தக் காலத்துல, அந்த நிலைமையில ஒரு இளம் டாக்டருக்கு யாரு என்ன எதிர்காலம் சொல்லியிருப்பாங்க. அங்க பால் பிராண்ட் இருந்தாரு, நம்ம கொல்லிமலையில பிறந்த ஆங்கிலேய சர்ஜன், 1946-ல வேலூர் வந்து தொழுநோயாளிங்களோட மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன்ல நிமித்திக் காட்டுனவரு. அவரு இவங்களுக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போகல. கை ஆபரேஷன் உக்காந்துதான் பண்றது, வீல் சேர்ல உக்காந்து பண்ணலாமேன்னு அந்த வழியைத் திறந்துவிட்டாரு. மேரி வர்கீஸ் வீல் சேர்ல இருந்தே தொழுநோயாளிங்க கையை ஆபரேட் பண்ணினாங்க. அப்புறம் ஆஸ்திரேலியாவுல பெர்த்துக்குப் போயி, நியூயார்க்ல ரீஹேபிலிடேஷன் மெடிசின் படிச்சு, திரும்பி வந்து 1963-ல சி.எம்.சி.யில அந்தத் துறைக்குத் தலைவர். 1966-ல அந்த ரீஹேப் இன்ஸ்டிட்யூட் திறந்தாங்க. 1972-ல பத்மஸ்ரீ. நாங்க அனுப்பின அந்தப் பையனைப் பாக்க வந்த தெரபிஸ்ட் அவன் கையில வீல் சேர் ரிம்மைப் பிடிக்க வச்சு "நீ தள்ளு, நான் பின்னாடி வரேன்"னாரு, தானே தள்ளிட்டுப் போகல. பிராண்ட் செஞ்சதும் அதேதானேன்னு எனக்கு இப்ப எழுதும்போது தோணுது.

எங்க பக்கத்து மதுரையில கண் டாக்டர் வெங்கடசாமி. வாதத்துல விரல் எல்லாம் கோணிப்போயும் அறுவைக் கத்தியைப் பிடிச்சுப் பழகி, ரிட்டயர் ஆகி 58 வயசுல, 1976-ல 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சாரு. அவரு டாக்டர்களை மட்டும் வளர்க்கல, கிராமத்துப் பொண்ணுங்களை எடுத்து ட்ரெய்னிங் குடுத்து கண் ஆஸ்பத்திரியோட முதுகெலும்பா ஆக்கினாங்க. 1992-ல லைகோன்னு ஒரு இன்ஸ்டிட்யூட்டே வச்சு மத்த ஆஸ்பத்திரிகளுக்கும் அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தாங்க. வொர்க்‌ஷாப் நடத்துறவங்க இந்த மாதிரி ரெண்டு கதையை எடுத்து ஒரு மணி நேரம் விவாதிக்க விட்டாலே போதும், தலைமைப் பண்புக்குன்னு தனியா ஸ்லைடு தேவையில்ல.

முதல்ல சொன்ன அந்த "தனியாப் போகாதீங்க" விஷயம். எங்க பேட்ச்ல 30 பேர்ல ரொம்பப் பேரு ஏ.பி., அசோசியேட் கொஞ்சம், ஹெச்.ஓ.டி. அந்த அனாட்டமி மேடம் ஒருத்தங்க மட்டும். அதிகாரம் இருக்கிறவங்க அந்த ஹால்லயே இல்ல. கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன், வேற காலேஜ், இதே கோர்ஸ் முடிச்சுட்டு ஆசையா வார்டுல ஒன் மினிட் ப்ரிசெப்டர் ஆரம்பிச்சான், அவன் சீஃப் மூணாவது நாளே "இதெல்லாம் வேலைக்கு ஆகாது, நேரம் போகுது, ரவுண்ட்ஸை முடி"ன்னுட்டாரு. அத்தோட முடிஞ்சுச்சு. எனக்கு அமைஞ்சது நல்ல ஹெச்.ஓ.டி. நான் போய் சொன்னதும் "வியாழக்கிழமை மத்தியானம் 40 நிமிஷம் எடுத்துக்க, நானும் வந்து பின்னாடி உக்கார்றேன், என்னையும் திருத்து"ன்னாரு. 57 வயசு மனுஷன். முதல் வாரம் ஒரு பி.ஜி. கேஸ் சொன்னான், சார் பழக்கதோஷத்துல டயக்னோசிஸைச் சொல்ல வாயெடுத்தாரு, உடனே தன் வாயில கை வச்சுக்கிட்டு சிரிச்சாரு, ரூமே சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்புக்கப்புறம் பி.ஜி.ங்க எங்க முன்னாடி "தெரியல"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அதனால சொல்றேன், கூட ஒருத்தர் இருந்தா, அதுவும் கொஞ்சம் சீனியரா இருந்தா, திரும்பி வந்தப்புறம் இந்தச் செடி காஞ்சு போகாது.

அப்புறம் ஆராய்ச்சிப் பேப்பர்ல பேரு போடுற சண்டை. ஜூனியரை வளர்க்கிறதைப் பத்திப் பேசிட்டு இதைப் பேசாம விட்டா நேர்மையா இருக்காது. டேட்டா எடுத்தது பி.ஜி., ராத்திரி உக்காந்து எக்ஸெல்ல ஏத்துனது பி.ஜி., பேப்பர் வரும்போது அவன் பேரு நாலாவதா போயிடும், அந்த ஸ்டடியைப் பாத்தே இருக்காத ஒருத்தர் பேரு முன்னாடி வந்துடும். ஐ.சி.எம்.ஜே.இ., அதாவது மருத்துவ இதழ் ஆசிரியர்களோட சர்வதேசக் குழு, நாலு விதி சொல்லுது, யோசனையிலயோ டேட்டாவுலயோ உண்மையான பங்கு இருக்கணும், எழுதுறதுலயோ திருத்துறதுலயோ பங்கு இருக்கணும், கடைசி வடிவத்துக்கு ஒப்புதல் குடுத்திருக்கணும், கேள்வி வந்தா பொறுப்பு ஏத்துக்கணும், நாலும் இருந்தாத்தான் ஆத்தர். நாங்க இப்ப தீசிஸ் டாபிக் முடிவு பண்ற அன்னைக்கே ஒரு வெள்ளைப் பேப்பர்ல யாரு என்ன வேலை, யாரு பேரு எங்கன்னு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஹெச்.ஓ.டி. ரூம் பீரோவுல வச்சிடுறோம். அந்த யோசனை ஃபிசியாலஜி மேடம் டீ டைம்ல போற போக்குல சொன்னது. அவங்க இன்னொண்ணும் சொன்னாங்க, புத்தி சொல்ற ஆளு நிறையப் பேரு கிடைப்பாங்க, நாம இல்லாத இடத்துல நம்ம பேரை எடுத்துச் சொல்ற ஆளுதான் கிடைக்கிறது கஷ்டம்னு. போன மாசம் ஒரு மாநாட்டுல பேசச் சொல்லி எனக்கு அழைப்பு வந்துச்சு, என் பி.ஜி. அந்த டாபிக்ல என்னைவிட ஆழமா வேலை பண்ணியிருக்கான்னு அவன் பேரைக் குடுத்தேன். போய் பேசிட்டு வந்தான், வந்ததுல இருந்து நடையே மாறிடுச்சு.

நிறையப் பேரு இந்த மூணு நாள் கோர்ஸையும் பேசிக் கோர்ஸ் இன் பயோமெடிக்கல் ரிசர்ச்சையும் குழப்பிக்கிறாங்க. அது வேற, சென்னை அயப்பாக்கத்துல இருக்கிற ஐ.சி.எம்.ஆர். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்துறது, ஆன்லைன், வீடியோ பாத்து அசைன்மென்ட் போட்டு கடைசில பரீட்சை எழுதணும். ப்ரொமோஷனுக்கு ரெண்டும் வேணும். பாடம் ரொம்பத் தெளிவா இருக்கு, சாம்பிள் சைஸ், ஸ்டடி டிசைன் எல்லாம் நம்ம நாட்டு உதாரணத்தோட. நாங்க அதை யூனிட்டா உக்காந்து பாத்தோம், ஏ.பி.யும் பி.ஜி.யும் ஒரே லேப்டாப் முன்னாடி, நிறுத்தி நிறுத்தி சண்டை போட்டுக்கிட்டு. தனியா பாக்குறதைவிட பத்து மடங்கு மண்டையில ஏறுச்சு, பி.ஜி.க்கு முன்னாடி நாமளும் ஸ்டூடன்டா உக்கார்றது நல்லதும் கூட.

போறவங்களுக்கு சில விஷயம். மூணு நாளும் முழு அட்டெண்டன்ஸ் கேப்பாங்க, நடுவுல டியூட்டிக்கு ஓடலாம்னு திட்டம் போடாதீங்க, வார்டுக்கு மாத்து ஆளை முன்கூட்டியே பேசி வச்சிடுங்க, போனை மேஜை மேல வைக்காதீங்க. மைக்ரோ டீச்சிங்குக்கு உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச டாபிக்கை எடுக்காம, ஸ்டூடன்ட்ஸ் வழக்கமாத் தப்புப் பண்ற டாபிக்கை எடுங்க, ஃபீட்பேக் ஆழமாக் கிடைக்கும். அப்ஜெக்டிவ் செஷன்ல உங்க டிபார்ட்மென்ட்டோட நிஜமான ஒரு காம்பிடன்சியை எழுதி எடுத்துட்டுப் போங்க, அப்பத்தான் அந்த ரெண்டு மணி நேரம் வீணாகாது. ஃபீட்பேக் செஷன் ரோல் ப்ளேக்கு யாராச்சும் வரீங்களான்னு கேட்டா முதல் ஆளா எந்திரிங்க, பாக்குறவங்களைவிட பண்றவங்களுக்குத்தான் ஒட்டுது. சாப்பாடு நல்லா இருந்துச்சு, ரெண்டாவது நாள் வத்தக்குழம்பு இன்னும் ஞாபகம் இருக்கு. டீ டைம்ல ஃபெசிலிடேட்டர் பக்கத்துலயே நின்னுக்கோங்க, எனக்கு உதவுன விஷயத்துல பாதி அங்கதான் கிடைச்சுச்சு.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். ஃபீட்பேக் செஷனுக்கும் மைக்ரோ டீச்சிங்குக்கும் மட்டும்னா அஞ்சுக்கு அஞ்சு. மீதி ஒன்றரையைக் கழிச்சது ஸ்லைடு வாசிப்புக்கும், முடிஞ்சப்புறம் ஒரு ஃபோன் கூடப் பண்ணி "வார்டுல என்ன மாத்துனீங்க"ன்னு கேக்காததுக்கும். ஆறு மாசம் கழிச்சு ஒரு அரை நாள் எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு உக்கார வச்சா இந்த கோர்ஸ் வேற லெவலுக்குப் போயிடும்னு ஃபீட்பேக் ஃபார்ம்லயே எழுதிக் குடுத்துட்டு வந்தேன்.

ஒரு வருஷமா எழுதாம இருந்ததை இப்ப எழுத வச்சது, எங்க ஹெச்.ஓ.டி. நேத்து ரவுண்ட்ஸ் முடிஞ்சு கேட்டது. அட்வான்ஸ் கோர்ஸ் ஒண்ணு இருக்காமே, ஒரு வருஷம், ப்ராஜெக்ட் எல்லாம் பண்ணணுமாமே, ரெண்டு பேரும் அப்ளை பண்ணுவோமான்னு. அவருக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தான். "உங்களுக்கு எதுக்கு சார் இப்ப"ன்னு கேட்டேன். "வியாழக்கிழமை க்ளாஸ் எனக்கப்புறமும் நடக்கணும்ல"ன்னாரு. பிரின்சிபால் ஆபீஸ்ல லெட்டர் குடுத்திருக்கோம், டேட் இன்னும் வரல.